டீ நேரத்தில் சொன்னது

1974 அக்டோபர் 1, செவ்வாய்
படம் எடுக்கிறவர்கள் வீட்டுக்குள் வந்து இரண்டு மாதம் ஆகிறது. கேமராவை இடிக்காமல் உருளைக்கிழங்கு உரிக்கப் பழகிவிட்டேன். கவென்ட்ரியில் ஒரு சாதாரணத் தம்பதி எப்படி வாழ்கிறார்கள் என்று வியாழன்தோறும் இங்கிலாந்தே டிவியில் பார்க்கிறதாம். பார்க்க என்ன இருக்கிறது? என் புருஷன் லெஸ் கார் தொழிற்சாலைக்குப் போகிறான், வருகிறான், சாப்பிட்டதும் குறட்டை.

டீ ஊற்றினால்தான் எல்லோருக்கும் ஓய்வு. ஒலிப்பதிவுக்கார ரோஜர் கோப்பையை வாங்கிவிட்டால் வேலை நின்றது என்று அர்த்தம். நாங்கள் மனம்விட்டுப் பேசுவது அப்போதுதான்.

அக்டோபர் 3, வியாழன்
இன்று ராத்திரி எங்கள் நிகழ்ச்சி.

டிவியில் எங்கள் கெட்டில்தான் தெரிந்தது. லெஸ் தெரியவில்லை, குரல் மட்டும்: "ஆஸ்திரேலியாவுக்கு வேலை கேட்டு எழுதிப் போட்டேன் ரோஜர். கூப்பிட்டுட்டாங்க. டோரீன்கிட்ட இன்னும் சொல்லல. வந்தா வரட்டும். இல்லேன்னா நான் போறேன்."

வந்தா வரட்டுமா? நான் என்ன, பின்னாடியே ஓடிவர்ற நாய்க்குட்டியா? இருபது வருஷம்டா லெஸ்!

பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான். "டீ குடிச்சிட்டிருந்தோமே டோரீன்... அது ஓடுதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அதுதான் அவன் கவலை!

அக்டோபர் 4
பக்கத்து வீட்டு எட்னா வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, "எப்போ கிளம்பறீங்க?" என்கிறாள்.

ரோஜரை வாசலிலேயே பிடித்தேன். "கோப்பை கையிலதான் இருந்துச்சு. மெஷின் தோள்ல ஓடிட்டேதான் இருந்துச்சு. நிறுத்தினோம்னு நாங்க சொன்னதே இல்லையே."

சொல்லவில்லைதான். எல்லாம் தெரிந்துகொண்டே என் கேக்கைத் தின்றிருக்கிறான். எப்படி இறங்கியது தொண்டையில்?

அக்டோபர் 7
லெஸ் வேலைக்குப் போய்விட்டான். ரோஜருக்கு நானே டீ ஊற்றிக் கொடுத்தேன். மெஷின் ஓடுவது தெரிந்தேதான் பேசினேன்.

அக்டோபர் 10, வியாழன்
இந்த முறை என் குரல். "ஒரே ஒரு தடவை 'வர்றியா'ன்னு கேட்டிருந்தா, அன்னிக்கே பெட்டி கட்டியிருப்பேன் ரோஜர்."

லெஸ் எழுந்து டிவியை அணைத்தான். "இப்போ கேக்கறேன். வர்றியா?"

மூலையில் ரோஜர். கையில் கோப்பை இல்லை, மைக் நீண்டிருந்தது. ஊரே கேட்ட பிறகு கேட்கிறான்! போய்ப் பாத்திரம் கழுவினேன்.

டிசம்பர் 12
படக்காரர்களும் இல்லை, லெஸ்ஸும் இல்லை. பழக்கதோஷத்தில் அவனுக்கும் சேர்த்து டீ போட்டுவிட்டேன்.

அவனிடமிருந்து கங்காரு படம் போட்ட அஞ்சலட்டை. அங்கே இப்போது கோடைகாலமாம். கடைசி வரி: "வர்றியா?"

அட்டையில்! தபால்காரர் படித்துவிட்டுத்தான் கொடுத்தார், முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. இந்த மனுஷனுக்கு ஓர் உறை வாங்கத் தெரியாதா?

அலமாரி மேலிருந்து பெட்டியை இறக்கித் தூசி தட்டினேன். தூசிதான் தட்டினேன்.