கால்வாய்க்கு அந்தப் பக்கம்

பிப்ரவரி 3

கடையில் இன்று மூச்சுவிட நேரமில்லை. புது வீடுகள் எழும்ப எழும்ப பைப்பும் பெயின்ட்டும் பறக்கின்றன. நான் கடை போட்டபோது இந்தத் தெருவில் நாய்கூட ஒன்றுதான். இப்போது வண்டி நிறுத்த இடம் கேட்டுச் சண்டை.

மதியம் செய்தி வந்தது. கால்வாயின் கிழக்குக் கரையில் இருக்கும் எங்கள் வளர்ச்சிக் குழுவையும் மேற்குக் கரைக் குழுவையும் ஒன்றாக்கப் போகிறார்களாம். இரண்டுக்கும் சேர்த்து ஒரே தலைவர். இங்கே தலைவர் நான். அங்கே தலைவர் என் சம்பந்தி, அதாவது மகளின் மாமனார். மின்சாரத் துறையில் லைன்மேன். கம்பம் ஏறி ஏறி, தரையில் நிற்கும்போதும் மேலிருந்துதான் பேசுவார்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "கல்யாணத்தையே சமாளிச்சோம். இதையும் சமாளிக்கலாம்" என்றார், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

பிப்ரவரி 9

மகள் என் பேத்திக் குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கால்வாயைத் தாண்டினால் அவள் வீடு கூப்பிடு தூரம். தாண்டத்தான் வழியில்லை. நெடுஞ்சாலை வரை போய், இரண்டு பஸ் மாறி, சுற்றிக்கொண்டு வந்தாள். வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அவள் வேலை பார்த்த ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஏப்ரல் கடைசி வரை தவணை கொடுத்திருக்கிறார்கள். அதற்குள் திரும்ப வேலைக்குச் சேர வேண்டும். அவள் மாமியாருக்கு முட்டிவலி. தவழ்ந்து ஓடுகிற பிள்ளையைத் துரத்த முடியாது. குழந்தைகள் காப்பகம் இருப்பதோ எங்கள் கரையில். தினம் இப்படிச் சுற்றி வந்து குட்டியை விட்டுவிட்டு வேலைக்குப் போனால், போய்ச் சேரும்போது மதியச் சாப்பாட்டு மணி அடித்திருக்கும்.

"பாலம் ஒண்ணு இருந்தா போதும்மா" என்றாள். போடுவோம், போடுவோம் என்றேன். எத்தனை வருடமாக இதையே சொல்கிறேன்?

பிப்ரவரி 17

மானம் போயிற்று. நகரமைப்பு அலுவலகத்தில் இரண்டு குழுக்களையும் உட்காரவைத்து, அதிகாரி அம்மா எங்கள் வரைபடங்களை மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்தார். எங்கள் படத்தில் கால்வாய்க்கு அந்தப் பக்கம் வெறும் வெள்ளை. அவர்கள் படத்தில் இந்தப் பக்கம் வெள்ளை. எங்கள் சாலை தண்ணீர்த் தொட்டி அருகே கரையைத் தொடுகிறது. அவர்கள் சாலை அங்கே மைதானத்தருகே. இரண்டு பேரும் போட்டி போட்டு, பாலத்துக்கென்று கரையில் தூண் வேறு எழுப்பி வைத்திருக்கிறோம். ஒன்றுக்கொன்று எதிரே இல்லை. எங்கள் தூணுக்கு எதிரில் கோரைப்புல். அவர்கள் தூணுக்கு எதிரில் எருமை மேய்கிறது.

"ஒருத்தரை ஒருத்தர் ஒரு வார்த்தை கேக்கலையா?" என்றார் அதிகாரி.

"அவங்க நம்ம ரோட்டுக்கு வந்து சேந்துக்குவாங்கன்னு நெனச்சோம்" என்றார் சம்பந்தி. நான் சொல்ல வாயெடுத்ததும் அதேதான். மூடிக்கொண்டேன்.

நகரமைப்புத் துறையின் கிடங்கில் இரும்பு நடைப்பாலம் ஒன்று தயாராகக் கிடக்கிறதாம். மார்ச் முடிவதற்குள் ஒரே குழுவாகி ஒரே இடத்தைச் சொன்னால் கொண்டுவந்து இறக்கிவிடுவார்கள். இல்லையென்றால் வேறு புறநகருக்குப் போய்விடும்.

வெளியே வந்தபோது அலுவலக வாசலில் சம்பந்தி நின்றார். "பாலம் மைதானத்துகிட்ட வர்ற வரைக்கும் நான் கிழக்குல கால் வைக்கறதா இல்ல, சம்பந்தியம்மா."

"நல்லது. செருப்பு மிச்சம்" என்றேன்.

பிப்ரவரி 18

செருப்பு மிச்சம் என்று சொல்லியிருக்க வேண்டாம்.

மார்ச் 6

எங்கள் குழுக் கூட்டம், கடையின் குடோனில், பெயின்ட் டப்பாக்கள் மேல் உட்கார்ந்து. பாலம் தொட்டியருகேதான் வர வேண்டும் என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். "ஒரு அடி நகர்ந்தாலும் நமக்குத்தான் அசிங்கம்" என்றார் டீக்கடைக்காரர். கைதட்டினார்கள். நானும் தட்டினேன். மகளின் முகம் நினைவுக்கு வந்தபோது தட்டி முடித்திருந்தேன்.

மார்ச் 11

குட்டிக்கு இன்று ஒரு வயது. எங்கள் வீட்டில் எல்லோரும் கூடினோம், சம்பந்தியைத் தவிர. சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறாராம். பேத்தியைவிடச் சொல் பெரிதா என்று கேட்க நாக்கு துடித்தது. ஆனால் நான் மட்டும் என்ன செய்துவிட்டேன்?

எல்லோரும் போனபின் மகள் தட்டுகளைக் கழுவி அடுக்கிக்கொண்டே சொன்னாள்: "நீங்க ரெண்டு பேரும் தலைவராவே இருங்கம்மா. நான் வீட்டோட இருந்துக்கறேன். திங்கக்கிழமை போயி வேலை வேணாம்னு சொல்லிட்டு வந்துடறேன்."

கத்தியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன். அவள் கத்தவில்லை — தட்டு ஒன்றுகூடச் சத்தம் போடவில்லை. அந்த வேலைக்காக அவள் கண் வீங்கப் படித்தது எனக்குத் தெரியாதா. பெற்ற பிள்ளைக்கு உதவாத பதவியை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றேன்? யாருக்குத் தலைவர் நான்?

மார்ச் 12

காலையில் கடையைத் திறக்காமல் கால்வாய்க்குப் போனேன். தொட்டியிலிருந்து எங்கள் கரையோடு நடந்து பார்த்தேன். கெட்டி மண். லாரியே போகலாம். மைதானத்துக்கு நேர் எதிரே வந்துவிட்டேன், சேலையில் ஒரு பொட்டுச் சேறு இல்லை. எங்கள் சாலையை இப்படியே திருப்பிக் கொண்டுவந்துவிடலாம்.

எதிர்க்கரையில் ஓர் ஆள் கோரைப்புல்லுக்குள் தடுமாறிக்கொண்டிருந்தார். சம்பந்தி. முழங்கால் வரை சேறு, கையில் ஒரு செருப்பு. இன்னொன்றைச் சேறு வாங்கிக்கொண்டது போலிருக்கிறது.

"அங்க என்ன பண்றீங்க?" என்று குரல் கொடுத்தேன்.

"உங்க தொட்டி வரைக்கும் எங்க ரோடு வருமான்னு பாக்கறேன். வராது போல. கால் உள்ள போகுது."

விட்டுக்கொடுக்க வந்தது நான் மட்டும்தான் என்று நினைத்திருந்தேனே.

"நீங்க அங்கயே இருங்க. நாங்க வர்றோம். இங்க மண்ணு கெட்டியா இருக்கு."

"உங்க ஆளுங்க உங்களை உண்டு இல்லைன்னு பண்ணிடுவாங்களே, சம்பந்தியம்மா."

"பண்ணட்டும்."

அவர் சேற்றிலிருந்து காலை உருவிக்கொண்டு கரையோரம் வந்தார். "உங்ககிட்டயும் சொன்னாளா, வேலைய விடப்போறேன்னு?" என்றார். தலையாட்டினேன். அவ்வளவு தூரத்திலும் அவருக்குத் தெரிந்தது. மத்தியானம் மகளுக்கு போன் செய்து, திங்கட்கிழமை எங்கும் போகாதே என்றேன்.

மார்ச் 24

இணைப்புக் கூட்டம். மைதானத்தருகே பாலம் என்று நானே முன்மொழிந்தேன். டீக்கடைக்காரர் எழுந்தார். "மகளுக்காகப் பாலத்தைத் தாரை வார்த்துட்டாங்க."

"ஆமா, மகளுக்காகத்தான்" என்றேன். "உங்க மகளும் அதுலதான் நடக்கப் போறா." எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொண்டாயிற்று. பரவாயில்லை.

இடம் முடிவாயிற்று. அடுத்து தலைவர். என் பெயரைச் சொன்னபோது எங்கள் பக்கத்துக் கைகள் பாதிகூட எழவில்லை. சம்பந்திதான் தலைவர். அவர் எனக்குத்தான் கை தூக்கினார் என்பதைப் பார்த்தேன்.

சரியென்று தெரிந்துதான் செய்தேன். இருந்தாலும் வலித்தது. வீட்டுக்கு வந்து அழுதேன். வீட்டுக்காரர் பேப்பரை மடித்துவைத்துவிட்டு டீ போட்டார். கல்யாணமான நாளாக இது இரண்டாவது டீ. சர்க்கரைதான் மறந்துவிட்டார்.

ஏப்ரல் 16

பாலம் இறங்கியது. கிரேன் அதைத் தூக்கிப் பிடித்திருந்த நேரம் முழுவதும் இரண்டு கரையும் அண்ணாந்து பார்த்தபடி நின்றன. அவர்கள் தூணிலும், எதிரே எங்கள் கரையில் புதிதாக எழுப்பிய தூணிலும் உட்கார்ந்ததும் ஒரே ஆரவாரம். டீக்கடைக்காரர் பாலத்தடியில் இரண்டாவது கடைக்கு இடம் பிடித்துவிட்டார். என்னைக் கூப்பிட்டு முதல் டீயைக் கொடுத்தார். குடித்தேன்.

ஏப்ரல் 27

மகள் இன்று வேலைக்குப் போனாள். காலையில் சம்பந்தி குட்டியைத் தூக்கிக்கொண்டு பாலத்தின் நடுவரை வருகிறார். நான் இந்தப் பக்கமிருந்து போய் வாங்கிக்கொள்கிறேன். மைதானத்தருகே பாலம் வந்தாயிற்று, சபதம் முடிந்தது. ஆனாலும் மனிதர் நடுவோடு நின்றுகொள்கிறார். டூட்டிக்கு நேரமாகிவிட்டதாம். நானும் வாங்க என்று கூப்பிடவில்லை. செருப்பு விஷயம் இரண்டு பேருக்கும் மறக்கவில்லை.

ஜூன் 8

நேற்று முழுக்கக் காய்ச்சல். எழுந்திருக்க முடியவில்லை. கண் விழித்தபோது இருட்டிவிட்டது. குட்டி? கடை? பதறிப்போய்க் கேட்டேன்.

வீட்டுக்காரர் சொன்னார்: சம்பந்திக்கு நேற்று வார விடுமுறை. பாலத்தின் நடுவில் நின்று பார்த்தாராம். நான் வராததால் நேரே நடந்து வந்து, குட்டியைக் காப்பகத்தில் விட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து சாவியை வாங்கிப்போய்க் கடையைத் திறந்திருக்கிறார். சாயங்காலம் வரை என் நாற்காலியில் உட்கார்ந்து வியாபாரம் பார்த்தாராம். யார் என்ன கேட்டாலும், "ஓனரம்மாவுக்கு உடம்பு சரியில்ல, தெரிஞ்ச வரைக்கும் தர்றேன்" என்று சொல்லியிருக்கிறார்.

இன்று தேவலாம். கடைக்குப் போய்ப் பார்த்தேன். இரண்டு அங்குலப் பைப்பு வாங்கியவருக்கு பைப்பை வளைத்துச் சேர்க்கும் எல்போவை ஒன்றரை அங்குலத்தில் கொடுத்து அனுப்பியிருக்கிறார். வாங்கியவர் மேற்குக் கரை ஆள்தான். சரியானதை எடுத்து வைத்திருக்கிறேன். நாளைக் காலையில் குட்டியை வாங்கும்போது சம்பந்தியிடம் கொடுத்தனுப்ப வேண்டும்.