சொல்லிவிட்டுப் போகிறவள்

இன்று காலை பக்கத்து வீட்டு இளைஞன் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு பூனைபோல வெளியே வந்தான். உள்ளே அவன் மனைவி கிலுகிலுப்பையை ஆட்டிக் குழந்தையின் கவனத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், சத்தம் போட்டுவிடாதீர்கள் என்பதுபோல உதட்டில் விரல் வைத்தான். எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே நினைவில் நீயும் வந்துவிட்டாய்.

அறுபதுகளில் ஒரு வருஷம். நம் மகளுக்குப் பத்து மாதம். அவலூர்பேட்டைப் பள்ளிக்கூடத்தில் உனக்கு டீச்சர் வேலை கிடைத்திருந்தது. செஞ்சி பஜாரில் நம் வீட்டு முன்னறையிலேயே நான் தையல் மிஷின் போட்டிருந்ததால், பகலில் குழந்தை என் பொறுப்பு. அழுகையைத் தவிர்க்க வழி கண்டுபிடித்தவனும் நான்தான். காலையில் கோழி காட்டுவதாகச் சொல்லி அவளைப் பின்கட்டுக்குத் தூக்கிப்போவேன். நீ முன்வாசல் வழியாகப் பஸ்ஸுக்கு ஓடிவிடுவாய்.

பத்து நாள் நன்றாகத்தான் நடந்தது. பிறகு, பின்கட்டுப் பக்கம் திரும்பினாலே அவள் உடம்பு விறைத்தது. நீ வீட்டில் இருக்கும்போதும் இடுப்பை விட்டு இறங்கவில்லை. நீ குளிக்கப் போனால் கதவைத் தட்டி அழுதாள். தூக்கத்திலும் உன் புடவையைக் கைக்குள் சுருட்டி வைத்திருந்தாள். இரண்டு முறை பஸ்ஸைத் தவறவிட்டாய், ஹெட்மாஸ்டர் கோபித்துக்கொண்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேலையை விடுவதாகக் கடிதம் எழுதி மிஷின் மேல் வைத்தாய். எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். அதை உன்னிடம் சொன்னதே இல்லை.

அன்று மத்தியானம் குழந்தையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாய்: "நான் போறது பயமில்லீங்க அவளுக்கு. எப்ப காணாம பூடுவேன்னு தெரியலியே, அதான் பயம். நாளைலேர்ந்து சொல்லிட்டே போறேன்."

"பத்து மாசக் கொழந்த. அதுக்கு இன்னா புரியும்?"

"இன்னிக்குப் புரியாது. தெனமும் சொன்னா புரியும்."

அப்போதே தொடங்கிவிட்டாய். கடைக்குப் போகிறேன் என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போய், உடனே திரும்பினாய். அடுத்த தடவை கொஞ்சம் தாமதித்தாய். ஒவ்வொரு தடவையும் நேரே அவள் முன்னால் வந்து உட்கார்ந்து, "அம்மா வந்துட்டேன், பாரு" என்றாய்.

திங்கட்கிழமை வாசலில் அவள் முகத்தைப் பார்த்து, "அம்மா பஸ்ல போயி சாயங்காலம் வந்துடுவேன். நைனாகூட இரு" என்றாய். அவள் அலறிய அலறலில் பஜார்க்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். உன் முகமும் கோணியது. ஆனால் நீ ஓடவில்லை, நடந்துதான் போனாய். தெரு முனையில் நீ மறையும்வரை அவளைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றேன். அழுது அழுது, வெட்டுத் துணிகளின் நடுவே தூங்கிப்போனாள். சாயங்காலம் நீ வந்து பையைக்கூட இறக்காமல் அவள் முன்னால் உட்கார்ந்தாய். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நீ கூப்பிடவில்லை. காத்திருந்தாய். பிறகு அவளாகவே தவழ்ந்து வந்தாள்.

மாதக் கடைசியில் அழுகை வாசலோடு நின்றது. அதற்கடுத்த மாதம் கையாட்டினாள். கடிதத்தை நீயே கிழித்துப்போட்டாய்.

போன வருஷம் ஆஸ்பத்திரியில், டாக்டர் சொன்னதை நானும் மகளும் உன்னிடம் மறைத்துக்கொண்டிருந்தோம். நீ எங்களிடம் எதையும் மறைக்கவில்லை. இருவரையும் கட்டிலருகே உட்காரவைத்தாய்.

"இந்தத் தடவ வந்துடுவேன்னு சொல்ல முடியாதுங்க. அப்புறம் தேடிக்கினு இருக்காதீங்க. வேளைக்குச் சாப்டுங்க."

மகள் அழுதாள். நானும் அழுதேன். நாங்கள் அழுது ஓயும்வரை எங்கள் கைகளைப் பிடித்துக்கொண்டிருந்தாய்.

சில சாயங்காலங்களில் இப்போதும் அழுதுவிடுகிறேன். ஆனால் அறை அறையாக உன்னைத் தேடியதில்லை. நீ என்னை ஏமாற்றிவிட்டுப் போகவில்லை.