கை மாறிய ரப்பர்

பிப்ரவரி 11, செவ்வாய்

இன்று என் கடிதம் நான் எழுதியபடியே மேலே போனது. டெல்லியில் இந்த வேலைக்கு வந்த மூன்று வருடத்தில் இதுதான் முதல் முறை.

எங்கள் பிரிவில் டிராஃப்டைக் காகிதத்தில்தான் காட்ட வேண்டும். பிரிவு அதிகாரி ராமசேஷன் சார் பென்சிலால் திருத்துவார். நான் கணினியில் மாற்றிவிட்டு, பழைய தாளில் இருக்கும் அவருடைய பென்சில் தடத்தை ரப்பரால் அழித்து ஃபைலில் வைப்பேன்.

ஒரு புகாரை விசாரிக்கும் குழுவுக்கு ‘டிஸ்இன்ட்ரஸ்டட்’ உறுப்பினர் வேண்டும் என்று எழுதியிருந்தேன். அதை அடித்து ‘அன்இன்ட்ரஸ்டட்’ என்று போட்டார்.

“ரெண்டும் ஒண்ணுதாம்மா. ஜல்தி மாத்திக் கொண்டா.”

“ஒண்ணு இல்ல சார். நான் கேட்டது இதுல சொந்த லாபம் எதுவும் இல்லாத ஆளை. நீங்க போட்டிருக்கறது கூட்டத்துல உக்காந்து கொட்டாவி விடற ஆளை.”

“அச்சா! தமிழ் மீடியம் பொண்ணு எனக்கு இங்கிலீஷ் சொல்லித் தர்றா!” என்று உரக்கச் சிரித்தார். பக்கத்து மேசைகளும் சிரித்தன. மார்ச் முடிந்ததும் என் வேலையைப் பற்றி வருடாந்திர ரிப்போர்ட் எழுதப்போகிறவர் அவர். அதை நினைத்தால் இப்போதும்... போகட்டும். அகராதியை எடுத்து அவர் முன்னால் விரித்து வைத்தேன்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு முறை படித்தார். சிரிப்பு நின்றது.

“ரப்பர் இருக்கா?”

கொடுத்தேன். தான் எழுதியதைத் தானே அழித்தார். தூளை ஊதிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

மெட்ரோவில் இடம் இருந்தும் கரோல் பாக் வரை நின்றுகொண்டே வந்தேன். உட்காரவே தோன்றவில்லை.

ரப்பரை அவர் திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை. இனி அது அவருக்குத்தான் வேண்டியிருக்கும்.