வெள்ளிக்கிழமைக் கட்டங்கள்

சாய்ந்தமருது,
10.2.1957

மச்சான் ஸலாஹுதீனுக்கு ஸலாம்.

நானும் உன் ராத்தா ஜுனைதாவும் சுகம். அவளுக்குக் கொஞ்சம் கூடுதல் சுகம், ஏசுவதற்குப் புருஷன் என்று நான் இருக்கிறேன் அல்லவா. உன் பல்கலைக்கழக ஆய்வுக்காக நம் அரிசி ஆலையின் நெல் காயவைக்கும் அறையில் நாற்பது நாள், நாளுக்கு மூன்று தடவை சூடு பார்த்து எழுதச் சொன்னாய். கொப்பி இத்துடன் வருகிறது. கையெழுத்தைப் பார், முத்து.

பின்சுவரில் நீ வைக்கச் சொன்ன காற்றுத்துளையால் அடைமழையிலும் நெல் காய்கிறது. அரிசி உடைந்து விழும் குறுணல் பாதியாகக் குறைந்துவிட்டது. பக்கத்து ஆலை மக்கீன் மூன்று முறை "சும்மா" வந்து போனார். நம் பின்சுவரில் அவருக்கு என்ன சும்மா?

உன் மச்சான்,
மீராமுகைதீன்

கொழும்பு,
17.2.1957

அன்புள்ள மச்சானுக்கு ஸலாம்.

கொப்பியைப் பார்த்துப் பேராசிரியர் மகிழ்ந்துபோனார். "ஆய்வுகூடத்தில் கைப்பிடி நெல்லை வைத்துக் கணக்குப் போடுகிற நமக்கு, ஓடுகிற ஆலையின் எண்கள் கிடைப்பது பெரிய காரியம்" என்றார். இவற்றை வைத்து ஓர் இயந்திரக் கம்பனி நெல் உலர்த்தும் இயந்திரம் செய்யச் சம்மதித்திருக்கிறது. இந்த எண்களை வைத்து நான் எழுதும் அறிக்கையில்தான் என் இறுதிப் பரீட்சையும் தங்கியிருக்கிறது.

ஒன்று கேட்க வேண்டும். ஆறு வெள்ளிக்கிழமையும் பகல் பன்னிரண்டரைக் கட்டத்தில் நூற்று நாற்பது பாகை பாரன்ஹீட் என்று இருக்கிறது. அந்த நேரம் அடுப்பை அணைத்து, ஆலையைப் பூட்டி, எல்லோரும் ஜும்ஆத் தொழுகைக்குப் போய்விடுவோமே. பேராசிரியருக்கு இது தெரியாது. எனக்குத் தெரியும். யார் பார்த்து எழுதியது?

ஸலாஹுதீன்

சாய்ந்தமருது,
21.2.1957

மச்சான்,

நான் பள்ளிவாசலில் முதல் வரிசையில் இருந்தேன். அதே நேரம் ஆலையிலும் இருந்திருக்கிறேன். ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருப்பது இறைநேசர்களான அவுலியாக்களுக்குத்தான் கூடும் என்பார்கள். என் லட்சணம் உனக்குத் தெரியும்.

மூன்றாம் நாளே நீ தந்த வெப்பமானி உடைந்துவிட்டது. நெல் அவிக்கிற அண்டாவின் சூட்டையும் பார்க்கும் ஆசையில் அதை உள்ளே விட்டேன். கோடுகள் இருநூறோடு முடிந்துவிட்டன, அண்டாவின் சூடு முடியவில்லை. உனக்கு எழுத வெட்கம். கையை நீட்டிப் பார்த்து எண் போட்டேன். ஜுனைதாவின் முறைப்பளவு சுட்டால் நூற்றைம்பது. பிறகு கை நீட்டுவதும் அலுத்து, கதிரையில் இருந்தபடி ஒரு வாரத்து எண்களை ஒன்றாகச் சேர்த்து எழுதினேன். வெள்ளி எது, வியாழன் எது என்று பார்க்கவில்லை.

உன் ராத்தாவிடம் சொன்னேன். "அவன் தந்தது ஒரு கண்ணாடிக் குழாய். அதையும் வெச்சிருக்க ஏலாத மனிசன நம்பி எண்ட உம்மா என்னத் தந்தாவே" என்றாள். வழக்கமாக இதற்கு நான் சிரிப்பேன்.

பேராசிரியருக்குத் தெரியாது என்று எழுதியிருந்தாய். ஓம், தெரியாமலே போகட்டும் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

மீராமுகைதீன்

சாய்ந்தமருது,
22.4.1957

மச்சான் ஸலாஹுதீனுக்கு,

மார்ச் மாதம் பார்சல் வந்தது. உள்ளே புது வெப்பமானி. கடிதம் இருக்குமோ என்று வைக்கோலையெல்லாம் உதறிப் பார்த்தேன், இல்லை. நீயே போய்ப் பேராசிரியரிடம் உள்ளதைச் சொன்னதும், பரீட்சை ஆறு மாதம் தள்ளிப்போனதும், ராத்தாவுக்கு நீ எழுதியதில்தான் தெரிந்தது. அவள் அதை வாசித்துக் காட்டவில்லை, கையில் தந்துவிட்டுப் போனாள்.

புதுக் கொப்பி அனுப்புகிறேன். மறுபடி நாற்பது நாள். பாதி நோன்பில் போனது. உச்சி வெயிலில் உமி அடுப்பருகே நோன்போடு நின்ற என்னைப் பார்த்து மக்கீன், "என்ன காக்கா, செய்த பாவத்துக்குத் தவ்பாவா?" என்றார். ஓம் என்றேன்.

எண்கள் முன்புபோல் அழகாக இல்லை, ஏறி இறங்குகின்றன. வெள்ளிக்கிழமைப் பகல் கட்டங்கள் ஆறும் வெறுமை. ஒரு புதன்கிழமைப் பகல் கட்டமும் வெறுமை. அன்று நோன்புக் களைப்பில் உறங்கிப்போனேன். முன்பென்றால் அந்தக் கட்டத்துக்கும் ஓர் எண் போட்டிருப்பேன்.

மீராமுகைதீன்