நவநாளுக்குப் பறித்த ஸ்ட்ராபெர்ரிப் பூக்கள்

என் எலிசா அக்காவுக்கு,

சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேட்டுத் தொடங்கத்தான் கை வருகிறது. நீ போய்ப் பத்து மாதம் ஆகப்போகிறது. இன்னும் அந்தப் பழக்கம் விடவில்லை. இந்தக் கடிதத்தை நம் வார்டில் மற்ற நர்ஸுகளுக்கும் படிக்கக் கொடுக்கப் போகிறேன். படிக்கட்டும். உன்னிடம் மறைத்த ஒன்றை நாலு பேர் அறியச் சொன்னால்தான் எனக்கு நெஞ்சு ஆறும்.

முதலில் நல்ல செய்தியைச் சொல்லிவிடுகிறேன். உன் ஸ்ட்ராபெர்ரி காய்த்துவிட்டது, அக்கா. இந்த மைசூரில், நம் வீட்டுக் கிணற்றடிச் சுவர் ஓரத்தில், ஏழு பழம்! பனியில் சாமுண்டி மலையே காணாமல் போயிருந்த ஒரு காலையில் இலையை விலக்கிப் பார்த்தேன். ஒன்று சிவந்திருந்தது. கனவு கலையாமல் எழுந்து வந்துவிட்டேனோ என்று நினைத்து, கிணற்று நீரை முகத்தில் அடித்துக்கொண்டு மறுபடியும் பார்த்தேன். அங்கேயேதான் இருந்தது.

நீ அந்தச் செடிகளைக் கொண்டு வந்த நாள் நினைவிருக்கிறதா? நீ முன்பு வேலை பார்த்த குன்னூர் ஆஸ்பத்திரியின் டாக்டரம்மா தன் நாட்டுக்கே திரும்பிப் போகிறார் என்று அவரை வழியனுப்பப் போனாய். வரும்போது பிஸ்கட் டின்னில் ஈரப்பாசி சுற்றி ஆறு செடிகளோடு பஸ்ஸிலிருந்து இறங்கினாய். மாசி மாதம். வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. வார்டில் சிரிக்காதவர்கள் இல்லை. குளிரில் வளர்கிற செடி இங்கே பிழைக்குமா என்று கேட்டவர்களுக்கெல்லாம் நீ ஒரே பதில் சொன்னாய்.

"வெள்ளைக்காரி கப்பல் ஏறினா செடியும் ஏறணுமா? நாடு நமக்குன்னு ஆயிடுச்சு, இதுவும் நமக்குன்னு ஆகட்டுமே!"

அந்தக் கோடையில் நீ பார்த்த வைத்தியத்தை எந்த டாக்டரும் பார்த்திருக்க மாட்டார். தென்னங்கீற்றில் பந்தல் போட்டாய். வேர் சூடாகாமல் இருக்க ராகி வைக்கோலைப் பரப்பினாய். காய்ச்சல்காரருக்கு ஈரத்துணி போடுவதுபோல மத்தியானம் இரண்டு முறை சாக்கை நனைத்துச் சுற்றிலும் தொங்கவிட்டாய். அனலடிக்கும் பங்குனியில் பந்தலுக்குள் தலையை விட்டுக்கொண்டு, "குன்னூர்ல இந்நேரம் மேகம் ஜன்னல் வழியா உள்ளே வந்து கட்டில்மேல உக்காந்திருக்கும்டி" என்று கண்ணை மூடிச் சொல்வாய். உன்னோடு சேர்ந்து நானும் கண்ணை மூடிக்கொள்வேன். உண்மையில் குளிர்ந்த மாதிரித்தான் இருக்கும். ஆறு செடியும் பிழைத்தன.

அந்த வருடம் கிறிஸ்துமஸ் சமயத்தில் மொட்டு விட்டது. வெள்ளையாய் ஐந்து இதழ், நடுவில் மஞ்சள். எண்ணினால் மொத்தம் பதினொன்று தேறும். நீ இராத்திரி டியூட்டி முடிந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கிணற்றடிக்கு ஓடுவாய். போய்ப் பார்த்தால் நேற்று மாலை மலர இருந்த மொட்டைக் காணோம். மறுநாளும் ஒன்றைக் காணோம்.

"அணில்தான்," என்றாய்.

"அணில் பூவைத் தின்னுமா அக்கா?" என்று நான் கேட்டேன். எவ்வளவு துணிச்சல் எனக்கு!

"சும்னிரு லூர்து. அணில்னா அணில்தான்," என்று கன்னடத்தில் பாதியும் தமிழில் பாதியுமாக அதட்டிவிட்டுப் படுக்கப் போய்விட்டாய்.

அணில் இல்லை, அக்கா. நான்தான்.

உனக்குத் தெரியும், என் வீட்டுக்காரர் ரங்கூனில் குண்டு விழுந்தபோது அங்கே கணக்கர் வேலையில் இருந்தார். எல்லாரும் காட்டு வழியாக நடந்து வந்தார்கள். அவர் வரவில்லை. செத்தார் என்று சொல்லவும் ஆளில்லை. இருக்கிறார் என்று சொல்லவும் ஆளில்லை. பங்குச் சாமியார் நல்ல மனதோடுதான் ஒருமுறை, "இறந்தவர்களுக்கான பூசையில் பெயரைச் சேர்க்கட்டுமா அம்மா?" என்று கேட்டார். நான் கோயில் வாசலிலேயே எரிந்து விழுந்துவிட்டு வந்தேன். உயிரோடு இருப்பவருக்கு ஒரு ஜெபம், இறந்தவருக்கு ஒரு ஜெபம். நான் எதைச் சொல்வது? அன்றோடு மாதா படத்தின் பக்கம் திரும்புவதையே விட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வேண்டுமென்றே டியூட்டி கேட்டு வாங்கினேன்.

அப்படிப்பட்டவளுக்கு உன் மொட்டுகளைப் பார்த்ததும் என்னவோ ஆகிவிட்டது. எனக்கென்று கேட்க எதுவும் இல்லை. உன் செடிக்காகக் கேட்கலாமே என்று தோன்றியது. நவநாள் இருந்தேன். ஒன்பது நாள், காலையில் நீ வருவதற்கு முன், நாளுக்கு ஒரு புதுப்பூ மாதா படத்துக்கு. என் தாய்வீட்டில் நவநாள் என்றால் பூ இல்லாமல் கிடையாது. அதுவும் வேண்டுதல் எதற்கோ அதன் பூவையே வைத்தால் விசேஷம் என்று என் மண்டைக்குள் ஏறியிருந்தது. இரண்டாவது நாளே எனக்கு உறைத்தது. பறித்தால் காய்க்க எது மிஞ்சும்? ஆனாலும் நிறுத்த முடியவில்லை. நடுவில் விட்டால் நவநாள் பலிக்காதே! பழம் வேண்டும் என்று பூவைப் பறித்துக்கொண்டே ஜெபித்த பைத்தியக்காரியை மாதா என்ன நினைத்திருப்பாள்?

மிஞ்சிய இரண்டு பூவும் தானாகவே வாடிப்போயின. நீ கொஞ்ச நேரம் செடிகள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போனாய்.

ஏப்ரலில் உனக்குக் குடற்காய்ச்சல் வந்தது. பதினாறு நாள். நம் வார்டிலேயே ஒரு கட்டிலில் உன்னைப் படுக்க வைத்தோம். "செடிக்குத் தண்ணி விட்டியாடி?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாய். ஒரு மத்தியானம் மனதைத் திடப்படுத்திக்கொண்டு, "அக்கா, அந்த அணில்…" என்று ஆரம்பித்தேன். நீ என் கையைப் பிடித்து, "அப்புறம் சொல்லு," என்றாய். அப்புறம் என்பது வரவே இல்லை.

மைசூர் வெயில் தன்னைத் தோற்கடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டே நீ போய்விட்டாய் என்றுதான் இத்தனை மாதமும் நான் வெந்துகொண்டிருந்தேன். உன் வைத்தியத்தை அப்படியே செய்தேன். கீற்று, வைக்கோல், ஈரச்சாக்கு. அப்படியும் நாலு செடி கருகிவிட்டது. தப்பிய இரண்டிலிருந்து ஓடிய கொடிகளை மழை நின்றதும் வெட்டி நட்டேன். பூத்தபோது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். மாதா படத்துக்கும் எனக்கும் மறுபடி பேச்சு வார்த்தை இல்லை. உன்னைக் கொண்டுபோனதற்குச் சண்டை.

போன வாரம் நம் தேசம் குடியரசாகிவிட்டது, அக்கா. தெருவெல்லாம் கொடி, ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் லட்டு. அன்றுதான் கடைசிப் பழத்தைப் பறித்தேன். பெருக்க வந்த செல்லம்மாவுக்குப் பாதியைக் கொடுத்தேன். உனக்கு ராகி வைக்கோல் சுமந்து வந்து கொடுத்த அதே கொள்ளேகால் செல்லம்மாதான். வாயில் போட்டவள் முகத்தை அஷ்டகோணலாக்கி, "ஏனுங்க சிஸ்டரம்மா, இந்தப் புளிப்புக்கா இத்தன பாடு?" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு அழுகையாகிவிட்டது. அழுதுகொண்டே அவளிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அவள் விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு என்னையே பார்த்தாள்.

"அது அக்காளுக்கு அப்பவே தெரியுமுங்களே. சின்ன சிஸ்டரு பூவப் பறிக்கறாங்கன்னு நாந்தான் போயிச் சொன்னனுங்க. 'எனக்குத் தெரியும், நீ வாயத் தெறக்காதே'ன்னாங்க. ஏழு வருசமா சாமி படத்தத் திரும்பிப் பாக்காதவ இப்பத்தான் முட்டி போடறா, பழம் அடுத்த வருசமும் காய்க்கும்னு சொன்னாங்க."

அக்கா, அடுத்த வருசமும் காய்க்கும் என்றாயாமே.

கொசுவுக்குக்கூட வலை கட்டுகிறவள் அணிலுக்கு ஒரு வலை கட்டவில்லையே என்று எனக்கு ஏன் தோன்றாமல் போயிற்று? அந்த ஒன்பது நாளும் வழக்கமாக எட்டு மணிக்கு வருகிறவள் எட்டரைக்கு வந்தாயே, நான் முடிக்கட்டும் என்றுதானா? ஒரு கோடை முழுக்கக் கட்டிக் காத்ததை, கண்ணெதிரே ஒவ்வொன்றாக நான் பறிக்க, எப்படி அக்கா விட்டுக்கொடுத்தாய்? ஒரு பழமாவது தின்றுவிட்டுப் போயிருக்கக் கூடாதா? உன்மேல் கோபம் வருகிறது. கோபம் போனதும் மனசு உன்னைத் தேடுகிறது.

புளிப்புத்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் விழுங்கிய பிறகு நாக்கின் அடியில் ஒரு வாசனை தங்கியிருந்தது. மேகம் ஜன்னல் வழியாக உள்ளே வரும் என்பாயே, அதன் வாசனை இதுதானோ என்று நினைத்துக்கொண்டு அன்று முழுவதும் வார்டில் மிதந்துகொண்டிருந்தேன். இரண்டு நோயாளிகளுக்கு மருந்தை மாற்றிக் கொடுக்க இருந்தேன். நல்லவேளை, கொடுக்கவில்லை.

நீ எதற்காகக் காத்திருந்தாய் என்று இப்போது புரிகிறது. அந்த ஒன்பது நாளும் நான் செடிக்காகத்தான் கேட்டேன். அவருக்காக ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்றாவது ஒருநாள் அதுவும் என் வாயில் வரும் என்று நினைத்துத்தானே பூவையெல்லாம் என்னிடம் விட்டாய்? எட்டு வருடம் ஆயிற்று, அக்கா. நடந்து வருகிறவராக இருந்தால் வந்திருப்பார். எனக்குத் தெரியும். ரொம்ப நாளாகவே தெரியும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை டியூட்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். முதல் பூசைக்குப் போவேன், இது உனக்குச் செய்கிற சத்தியம். பூசை முடிந்ததும் சாமியாரிடம் இறந்தவர்களுக்கான பூசையில் வாசிக்க இரண்டு பெயர்களைச் சொல்வேன். ஒன்று எலிசா. இன்னொன்றை, கட்டிய நாள் முதல் நான் வாயால் சொன்னதில்லை. சொல்லிப் பழக வேண்டும் என்று இங்கே எழுதிப் பார்க்கிறேன்: சவரிமுத்து.

உன் கூடப்பிறக்காத தங்கை,
லூர்து மேரி