யாரும் தொடாமல் ஒளிரும் கட்டம்

இன்று காலை அந்தத் திரையில் 'வேண்டாம்' என்ற கட்டம் மறுபடியும் தானாக ஒளிர்ந்தது. நான் எட்ட நின்று சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தேன். அறையில் வேறு யாரும் இல்லை. காரணம் எனக்குத் தெரியும். மழை ஈரம் கண்ணாடிக்கும் அதன்மேல் ஒட்டிய மெல்லிய தகட்டுக்கும் நடுவே புகுந்திருக்கிறது. படாத விரலைப் பட்டதாக இயந்திரம் எடுத்துக்கொள்கிறது. இத்தனை காலம் இயற்பியல் கற்பித்தவனுக்கு இதில் வியப்பு எதுவும் இருக்கக் கூடாது. ஆயினும் பொத்தானைப் பாதியில் விட்டுவிட்டு, "சொல்லுய்யா" என்று உன்னிடம்தான் சொன்னேன்.

கல்லூரியில் நீ பொருளியல் நடத்தினாய். அடுத்த அறையில் நான். அமராவதிபுதூர் தேவாலயத்தில் ஞாயிற்றுப் பூசை முடிந்த கையோடு காரைக்குடிக்கு, உன் வீட்டுக்கு வருவேன். "சாமியாராப் போகவேண்டிய ஆளு, லென்சைத் தொடச்சுக்கிட்டுத் திரியிறான்" என்றுதான் உன் அண்ணனுக்கு என்னை அறிமுகப்படுத்தினாய். எந்தப் பொருளைக் காட்டி நல்லதா கெட்டதா என்று யார் கேட்டாலும் உன்னிடம் ஒரே பதில் இருந்தது: "யாருக்குன்னு மொதல்ல சொல்லுய்யா."

பக்கவாதம் உன் பேச்சையும் வலக்கையையும் ஒரே காலையில் எடுத்துக்கொண்டது. அறிவை எடுக்கவில்லை. செய்தித்தாளை விரித்துப் பிடித்தால், அபத்தமான செய்தி வரும்போது உன் புருவம் ஏறும். ஆனால் தலை உன் வசத்தில் இல்லை. கேட்டாலும் கேட்காவிட்டாலும் அது மெல்ல மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருந்தது.

உன்னைப் பார்த்துக்கொள்ளக் குடும்பத்தோடு வந்து தங்கிய உன் அண்ணனுக்கு அந்த ஆட்டம் பயன்பட்டது. பொது வீட்டில் ஒரு தூணைப் பெயர்க்கவும் பங்காளிகள் அத்தனை பேரும் இசைய வேண்டும் என்பது உங்கள் வழக்கம். வீட்டைப் பிரித்துத் தேக்குத் தூண்களை வெளியூர் வியாபாரிக்குக் கொடுப்பதென்று மற்றவர்கள் முடிவுசெய்துவிட்டார்கள். மனைவியை இழந்து, பிள்ளையும் இல்லாமல், அந்த வீட்டில் அன்றாடம் வாழ்ந்துகொண்டிருந்த நீ ஒருவன்தான் பாக்கி.

"தம்பி, வித்துருவமா?" என்று என் கண்முன் கேட்டார். உன் தலை ஆடியது. "பாத்தீகளா சார், சரின்னுட்டான்."

"அண்ணே, மழை பேயுதான்னு கேட்டாலும் இப்படித்தான் ஆட்டுவான்."

"அப்ப வேற எப்படித்தான் கேக்கச் சொல்லுறீக?"

அந்தக் கேள்விக்கு விடையாகத்தான் தொடுதிரையைத் தேடினேன். கம்ப்யூட்டர் உன் அறையிலேயே இருந்தது. கட்டுரைகள் எழுத நீ வாங்கியது. மவுஸைப் பிடித்து நகர்த்த உன் இடக்கைக்கு வலுவில்லை. ஆனால் ஒரு விரலை நீட்டி அழுத்த முடிந்தது. சென்னையில் வேலைபார்த்த என் பழைய மாணவன் மூலம், பயணிகள் தகவல் கேட்கும் ஏதோ விசாரணைக் கூடத்திலிருந்து கழித்த தொடுதிரை மானிட்டர் ஒன்று கிடைத்தது.

உன் அண்ணன் மகன் மதுரையில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்திருந்தான். வீட்டில் அவன் சொல்லே தீர்ப்பு. "டச் ஸ்கிரீன் டெஸ்க்டாப்புக்குச் சரிவராது சார். கையைத் தூக்கிக்கிட்டே இருக்கணும், தோள்பட்டை விட்டுப்போகும். கண்ணாடி பூரா வெரல் தடம். மவுஸ் என்னத்துக்கு இருக்கு?"

அவன் சொன்னதில் பிழை இல்லை. மேசை முன் அமர்ந்து நாள் முழுதும் வேலை செய்கிறவனுக்கு நிமிர்ந்து நிற்கும் திரையைத் தொட்டுக்கொண்டிருப்பது தண்டனைதான். மவுஸ் மேசையில் கிடக்கும் கையோடு கிடக்கிறது. திரையோ கையைத் தன்னிடம் வரச் சொல்கிறது. யாருக்கு என்ற ஒன்றை மட்டும் அவன் கேட்கவில்லை. அத்தனை பேச்சும் உன் கட்டிலுக்கு முன்னால் நடந்தது. ஒருவர்கூட உன் பக்கம் திரும்பவில்லை.

என் பிடிவாதத்துக்காக ஒரு பிற்பகல் மட்டும் வைத்துப் பார்க்க அனுமதித்தார்கள். திரையில், தொட்டால் ஒளிரும் இரண்டு பெரிய கட்டங்களை வரைந்திருந்தேன்: சரி, வேண்டாம். உன் கை பாதித் தூரம் எழும்பி மடியில் விழுந்தது. மறுபடி எழும்பியது, விழுந்தது. "நான் அப்பவே சொன்னேன்ல" என்றான் அவன். நீ அவனைப் பார்க்கவில்லை. உன் விரல் அறை மூலையைக் காட்டியது. அங்கே கணக்குப்பிள்ளைகள் தரையில் அமர்ந்து எழுதிய பழைய சாய்வு மேசை கிடந்தது. பெட்டி போன்ற உடல், அதன்மேல் சரிந்த பலகை.

மூடியைக் கழற்றினோம். அடிப்பலகை செல்லரித்துப் போயிருந்தது வசதியாயிற்று. அந்த மரச்சட்டத்துக்குள் மானிட்டரைச் சாய்த்து இறக்கி, சூடு வெளியேற அடியில் செங்கல் கொடுத்தேன். எழுதும் பலகை இருந்த சரிவில் இப்போது கண்ணாடி இருந்தது. உன்னைத் தரையில் மெத்தையில் சாய்த்து உட்கார வைத்தோம். முழங்கை மேசை விளிம்பில் ஊன்றியது. தூக்க வேண்டிய கை என்று ஒன்று இல்லாமல் போயிற்று.

"காப்பி குடிக்கிறியா?" என்றேன். சரி.

"வகுப்புக்குப் போறியா?" வேண்டாம்.

"நான் சாமியாராப் போகவேண்டியவனாய்யா?" சரியை அழுத்திவிட்டு, வாயின் ஒரு பக்கத்தால் சிரித்தாய். எத்தனையோ மாதம் கழித்து அன்றுதான் நீ என்னைக் கேலி செய்தாய்.

பிறகு உன் அண்ணனைக் கேட்கச் சொன்னேன். "வீட்டை வித்துருவமா தம்பி?"

வேண்டாம்.

"கை தவறிப் பட்டிருக்கும்."

"திரும்பக் கேளுங்கண்ணே."

கேட்டார். வேண்டாம். அவர் வாய் மூடிய பின்னும், கேட்காமலே, இன்னொரு முறை அழுத்தினாய். அவர் எழுந்துகொண்டார். "மெசினை வச்சுத்தான் இனிமே பங்காளி பேசணுமாக்கும். நல்லா இருக்கு சார்."

அடுத்த ஞாயிறு சாய்வு மேசை வெறும் சட்டமாக நின்றது. உன் அண்ணன் மனைவி வாசலுக்கே வந்து பெருமையோடு சொன்னார்: "வெலகூடின சாமான்ல? கண்ட கையும் பட்டா வீணாப்போகும். நல்லாத் தொடச்சு, வேட்டியில சுத்தி, சாமான் அறையில பத்திரமா வச்சிருக்கேன் சார்."

அந்த அறையில் அவருடைய கல்யாணச் சீர்ப் பாத்திரங்கள் இன்னும் வைக்கோல் பிரிக்காமல் இருக்கின்றன. மதிப்பான பொருளைப் பூட்டி வைப்பதுதான் அந்த வீட்டில் அதற்குச் செய்யும் மரியாதை. "ஆச்சி, அது அவன் வாய்" என்றேன். அவருக்குப் புரியவில்லை. சாவி உன் அண்ணனிடம் இருந்தது. கேட்கும்போதெல்லாம், "நல்ல நாள் பாத்து எடுத்துருவோம் சார், என்ன அவசரம்?" என்றார். ஆச்சி அறியாமல் செய்தார். உன் அண்ணன் அறிந்து செய்தார். இவ்விரண்டையும் ஒன்றாக்கி மன்னித்துவிடச் சொல்கிறவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

ஐப்பசி மழையில் நீ போனாய். காரியங்கள் முடிந்ததும் மானிட்டரைத் திருப்பித் தந்தார்கள். வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். உன் விரல் தடம் ஒன்றுகூட இல்லை. அவ்வளவு நன்றாகத் துடைத்திருந்தார்கள். என் அறைக் கம்ப்யூட்டரில் அதை இணைத்து, அதே இரண்டு கட்டங்களை மறுபடி வரைந்து வைத்தேன்.

பங்காளிகள் கூடிய அன்று, "தம்பி கடேசி வரைக்கும் சம்மதமாத்தான் இருந்தான்" என்றார் உன் அண்ணன். நான் எழுந்து, நீ சொன்ன சொல்லைச் சொன்னேன். "சார், நீங்க பங்காளி இல்லையே" என்றார், மிகுந்த மரியாதையோடு. ஒருவரும் தலை நிமிரவில்லை. தூண்கள் லாரியில் போயின. இப்போது அந்த வழியாகப் போனால் தெருவிலிருந்தே பின்கட்டுக் கிணறு தெரிகிறது.

இன்று பகலில் உன் அண்ணன் மகன் வந்தான். சாக்கோட்டையில் கம்ப்யூட்டர் கடை போடுகிறானாம். பழைய சாமான் இருந்தால் எடுத்துக்கொள்வானாம். பேசிக்கொண்டிருக்கையில் கட்டம் மறுபடி ஒளிர்ந்தது. எதிரே இருந்த அவன் உடல் சற்றுப் பின்வாங்கியது. பிறகு படித்தவன் குரலில், "பேனல் கெட்டுப்போச்சு சார். பிரிச்சுக் காயவச்சாச் சரியாயிரும். பண்ணித் தரவா?" என்றான்.

கட்டம் அணையும்வரை காத்திருந்தேன்.

"வேண்டாம்" என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான், திரையைப் பார்த்தான். கேட்காதது போலிருக்க இம்முறை அவனால் முடியவில்லை.