கல்லாவியில் அடித்த மணி

ஓசூர்,
ஞாயிற்றுக்கிழமை

மரியாதைக்குரிய சம்பந்தி ஜோதியம்மாளுக்கு,

சரோஜம்மாள் எழுதிக்கொள்வது. நலம்தானா என்று கேட்டு ஆரம்பிக்க எனக்குக் கை வரவில்லை. இங்கே யாரும் நலமாக இல்லை, கல்லாவியிலும் அப்படித்தான் இருப்பீர்கள். ஆஸ்பத்திரியில் அழுதுவிட்டுப் போனவர் நீங்கள். அதற்கப்புறம் நான் போன் போட்டால் எடுப்பதில்லை. உங்கள் மாப்பிள்ளை கௌதம் போட்டாலும் எடுப்பதில்லை. அதனால்தான் பேப்பரும் பேனாவும் எடுத்து உட்கார்ந்திருக்கிறேன். படிக்காமல் கிழித்துப் போட்டுவிடாதீர்கள்.

முதலில் பொற்கொடியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். கன்னத்தில் வெந்நீர் பட்டது ஆறிக்கொண்டு வருகிறது. வலது தோளும் கையும்தான் மோசம். தொடையிலிருந்து தோல் எடுத்து வைக்க வேண்டுமாம். விரல்கள் பழையபடி மடங்குமா என்று கேட்டேன், இப்போது எதுவும் சொல்ல முடியாது என்கிறார் டாக்டர். கட்டு மாற்றும்போது அவள் கத்துகிற கத்தலை என்னால் கேட்க முடியவில்லை, லிஃப்ட் பக்கம் போய் நின்றுகொள்கிறேன். மாத்திரையை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள், அதற்கப்புறம் வலிப்பு வரவில்லை. இட்லியைப் பிட்டு ஊட்டினால் சாப்பிடுகிறாள். என் முகத்தைத்தான் பார்க்க மாட்டேன் என்கிறாள்.

நம் இரண்டு வீட்டுக்கும் சம்பந்தம் பேசி முடித்த ரத்தினவேல் நேற்று வந்திருந்தார். ஆஸ்பத்திரியில் இருந்து அனுப்பியதும் உங்கள் வீட்டுக்காரர் பொன்னுசாமி அண்ணன் கார் எடுத்துக்கொண்டு வந்து, பெண்ணை நேராகக் கல்லாவிக்கே அழைத்துப்போய்விடுவாராம். "பொண்ணு வூட்டுக்காரங்களே ஒதுங்கிக்கிறாங்க, பெரிய மனசு பண்ணி வுட்டுருங்க" என்றார். அவருக்கு நான் ஒரு வாய் காபி கூடக் கொடுக்கவில்லை. விடுவதற்கு அவள் என்ன சந்தையில் பிடித்து வந்த ஆடா?

எனக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது. உங்கள் மேல் எனக்கு வயிறு எரிகிற கோபம் இருக்கிறது. அவள் கையில் கட்டியிருந்த அந்த வாட்சை நான் நடையைக் கணக்குப் பார்க்கிற வாட்ச் என்றுதான் நினைத்தேன். இந்தக் காலத்துப் பிள்ளைகள் எல்லாம் கட்டிக்கொள்கிறார்களே என்று இருந்துவிட்டேன். கை உதறினால் அது வலிப்பு என்று கண்டுபிடித்து உங்கள் போனுக்கு மணி அடிக்கும் என்பதை ஆஸ்பத்திரி வராண்டாவில் வைத்துத்தான் என் மகன் சொன்னான். கல்யாணமான கொஞ்ச நாளிலேயே அவனுக்குத் தெரிந்திருக்கிறது. உங்கள் நம்பருக்குக் கீழே அவன் நம்பரையும் போட்டிருக்கிறான். என்னிடம் சொல்ல வேண்டாம் என்று அவன் காலில் விழாத குறையாக அவள் கெஞ்சினாளாம், இவனும் சொல்லவில்லை.

அவன் வேலை பார்க்கிற கம்பெனியில் போனை வாசல் கேட்டிலேயே வாங்கி லாக்கரில் போட்டுவிடுவார்கள் என்பது உங்களுக்கும் தெரியும். ஆக, அவளுக்கு வலிப்பு வந்தால் ஒரு மணி கல்லாவியில் அடிக்கும், இன்னொன்று லாக்கருக்குள் அடிக்கும். ஒரே வீட்டில் கிடக்கிற எனக்கு மட்டும் ஒன்றும் அடிக்காது. எந்தப் புத்திசாலி போட்ட ஏற்பாடு இது?

அன்றைக்கு நடந்ததை நீங்கள் முழுசாகக் கேட்கவில்லை. நான் சொல்கிறேன், கேளுங்கள். கௌதம் காலை ஷிஃப்டுக்குப் போய்விட்டான். அவள் வாளியில் வெந்நீர் பிடித்துக்கொண்டு பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். நான் சமையலறையில் இருந்தேன். குழாய் திறந்தபடியே ஓடுகிற சத்தம் கேட்டது. தண்ணீர் வருகிற லட்சணத்தில் இப்படித் திறந்து விடுகிறாளே என்று இங்கிருந்தபடியே திட்டினேன். அவள் போன் உள் அறையில் அடித்தது, நின்றது, மறுபடி அடித்தது. நீங்களாகத்தான் இருக்கும், குளித்துவிட்டு வந்து பேசிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். அடுப்பை விட்டு நகர முடியாத வேலை. அதை முடித்துவிட்டுப் போய்க் கதவைத் தட்டினேன். பதில் இல்லை. பக்கத்து வீட்டுக் கன்னடக்காரர்தான் வந்து கதவை உடைத்தார். வாளி கவிழ்ந்து, அந்தத் தண்ணீரிலேயே கிடந்தாள். அந்தத் தோளை நான் பார்த்தேன் சம்பந்தி. கண்ணை மூடினால் அதுதான் வருகிறது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் ஆம்புலன்ஸ் அத்திப்பள்ளியில் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு நின்றபோது நான் கும்பிடாத தெய்வம் இல்லை.

ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு நீங்கள் சொன்னது நினைவிருக்கிறதா? "களி கிண்டறான்னு நெனச்சிட்டேன் சம்பந்தி" என்றீர்கள். எனக்கு அப்போது ஒன்றும் விளங்கவில்லை. கௌதம்தான் விளக்கினான். துடுப்பைப் பிடித்து அவள் ராகிக்களி கிண்டும்போதெல்லாம் கை ஆடுவதைப் பார்த்து அந்த வாட்ச் வலிப்பு என்று நினைத்துக்கொள்ளுமாம். உங்களுக்கு மணி அடிக்கும். நீங்கள் பதறிக் கூப்பிடுவீர்கள். களிதாம்மா என்று அவள் சிரிப்பாள். அன்றைக்கும் அதே வேளை. அவள் போனை எடுக்கவில்லை என்றதும், துடுப்பும் கையுமாக இருக்கிறாள், முடித்துவிட்டுக் கூப்பிடுவாள் என்று காத்திருந்தீர்கள்.

அன்றைக்குக் களி கிண்டியது நான்.

என் நம்பர் உங்களிடம் இருந்தது. பொங்கலுக்குக் கூப்பிட்டுப் பேசினீர்கள். ஒரே ஒரு தடவை எனக்கு அடித்து, மகள் என்ன செய்கிறாள் என்று கேட்டிருந்தால் போதும். நோயைப் பற்றி ஒரு வார்த்தை கூடச் சொல்லியிருக்க வேண்டாம். குளிக்கிறாள் என்று சொல்லியிருப்பேன், அடுப்பை அணைத்துவிட்டு ஓடியிருப்பேன். நான் ஏதாவது மோப்பம் பிடித்துவிடுவேன், பெண்ணின் வாழ்க்கை போய்விடும் என்று பயந்தீர்கள். அந்தப் பயத்துக்கு இடம் கொடுத்தவளாக நான் இருந்தேனே என்றும் மனசு அரிக்கிறது. பெண் பார்க்க வந்தபோதே நீங்கள் சொல்லியிருந்தால் என் மகனுக்குக் கட்டி வைத்திருப்பேனா? மாட்டேன். எழுந்து காரில் ஏறியிருப்பேன். பொய் சொல்லி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

ஆனால் அது அப்போது. இப்போது அவள் என் வீட்டுப் பெண். இத்தனை நாள் மாத்திரையை அரிசி டின்னுக்குள் ஒளித்து வைத்துத் தின்றிருக்கிறாள். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் அன்றைக்கு மாத்திரை கிடையாது. விழுங்கினாயா என்று போன் கேட்கும்போது மட்டும் ஆமாம் என்று அமுக்கிவிடுவாளாம். மாத்திரை விட்டுவிட்டுப் போனதால்தான் இப்படி வந்தது என்று டாக்டர் முகத்துக்கு நேராகச் சொன்னார். என் வீட்டில் ஒரு மாத்திரையைத் தின்னக்கூட அவளுக்கு என்னைக் கண்டு பயம். இதை யாரிடம் போய்ச் சொல்லி அழுவேன்?

அண்ணனிடம் சொல்லுங்கள், கார் வேண்டாம். ஊரில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள், பேசட்டும், அவர்களுக்குப் பதில் சொல்ல எனக்கு வாய் இருக்கிறது. பாத்ரூம் தாழ்ப்பாளைக் கழற்றச் சொல்லிவிட்டேன். கௌதம் சரியாகச் சாப்பிடுவதில்லை. வேலைக்குப் போகிறான், ஆஸ்பத்திரிக்கு வருகிறான், அவளோடு பேசாமல் உட்கார்ந்திருக்கிறான். இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு நான் தனியாகத் தவிக்கிறேன்.

இன்னொரு விஷயம். அதைக் கேட்கத்தான் இவ்வளவும் எழுதினேன். நேற்று என் நம்பரையும் அந்த வாட்சில் சேர்க்கச் சொன்னேன். கௌதம் சேர்த்தான். ஆனால் அவள் சம்மதித்து அமுக்கினால்தான் எனக்கு மணி அடிக்குமாம். போனை அவள் இடது கைப் பக்கம் நீட்டினேன். அமுக்க மாட்டேன் என்றாள். "அம்மாவைக் கேக்கணும் அத்தே" என்று சொல்லிச் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள். நோயைப் பற்றி என்னிடம் மூச்சு விடமாட்டேன் என்று உங்களுக்குக் கொடுத்த வாக்கை இவ்வளவு நடந்த பிறகும் காப்பாற்றுகிறாள்.

போனை எடுங்கள் சம்பந்தி. என்னோடு பேச வேண்டாம், அவளோடு பேசுங்கள். அமுக்கச் சொல்லுங்கள்.

உங்கள் பெண்ணும் என் பிள்ளையும் தீர்க்காயுசாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி
சரோஜம்மாள்